வடக்கன்குளத்துச் சுவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை, பங்கு மக்களின் வாசிப்புக்காக இங்கே தரப்படுகிறது.)



சில நாட்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி, பொண்ணு தங்கமான பிள்ளை. குடும்பமே ஞாயித்துக்கிழமை பூசை தவறாது. செபமாலை சொல்லாம படுக்க மாட்டாங்க. ஆனா நம்ம ஆளுக இல்ல. சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு. இதுல வேதத்துக்கும் நமக்கும் என்ன இருக்கு? இது ஊர் வழக்கம்தானே?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோவிலுக்குள் விசுவாசம், கோவிலுக்கு வெளியே வழக்கம் என்று இரண்டையும் தனித்தனியே பிரித்து வாழ நாம் பழகிவிட்டோம். அந்தத் தாய்க்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு சுவரின் கதையைச் சொன்னேன். அதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் தமிழகத் திருஅவைக்கு அது ஒரு புண்ணிய பூமி. 1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், அங்கேதான் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரசு அலுவலர், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் அவர். குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்ட டச்சு தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தவர். இலாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழாக்கி, 'தேவசகாயம்' என்று அவருக்குப் பெயரிட்டார்கள்.

திருமுழுக்குக்குப் பிறகு அவர் வாழ்க்கையில் எது மாறியது? செபம் மாறியது, உண்மைதான். ஊர் கவனித்தது வேறொன்றை. எல்லாச் சாதியாரோடும் அவர் கலந்து பழகினார். உயர்ந்த குலத்தவர், அரண்மனைச் செல்வாக்கு உள்ளவர், தாழ்ந்தவர் என்று தள்ளப்பட்டவர்களோடு சரிசமமாக அமர்ந்தார். 1749இல் கைது செய்யப்பட்டார். மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டார். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இப்படிப்பட்ட ஒரு மறைசாட்சிக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஊரில், அதற்குப் பின் என்ன நடந்திருக்க வேண்டும்? எல்லாரும் ஒரே குடும்பமாக அமர்ந்து திருப்பலி கண்டிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது அது அல்ல.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கன்குளத்தில் ஒரு புதிய ஆலயம் எழுந்தது. அதன் அமைப்பு விநோதமானது. பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் நடுக்கூடங்கள் இரண்டு. இரண்டும் பீடத்தில் வந்து சேரும். மேலிருந்து பார்த்தால் கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இருக்கும். ஒரு காலில் ஒரு சாதியார், மறு காலில் மற்றவர்கள். நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும். ஆனால் ஒரு பக்கத்தில் முழந்தாள்படியிட்டவர் மறு பக்கத்தில் முழந்தாள்படியிட்டவரைப் பார்க்க முடியாது.

எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நம் மனம் உடனே "ஓ, அவர்களா!" என்று கையைக் கழுவிக்கொள்ளும். பெயரை எடுத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதுதான் அது நம் கதையாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆலயம் குருக்களின் சம்மதத்தோடுதான் அப்படிக் கட்டப்பட்டது. அதற்கு ஒரு நீண்ட பின்னணி உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நோபிலி என்ற தத்துவப் போதகர், மக்களின் மொழியையும் உடையையும் பழக்கத்தையும் மதித்து நற்செய்தி அறிவித்த மாமனிதர். கிறிஸ்தவர் ஆவதற்கு ஒருவர் பரங்கியாக மாற வேண்டியதில்லை என்று நிலைநாட்டியவர். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவருடைய முறைக்கு ஒப்புதல் தந்தார். பூணூலுக்கும் குடுமிக்கும் இசைவு கிடைத்தது. ஆனால் அதே ஆவணத்தில் திருத்தந்தை இன்னொரு வேண்டுகோளையும் வைத்திருந்தார். குலப்பெருமை உள்ளவர்கள் எளியவர்களை இகழக் கூடாது, குறிப்பாக ஆலயத்தில் இறைவார்த்தை கேட்கும்போதும் அருளடையாளங்கள் பெறும்போதும் ஒதுக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டிருந்தார். நாம் அந்த ஆவணத்தின் முதல் பகுதியைப் பிடித்துக்கொண்டோம். வேண்டுகோளை மறந்துவிட்டோம்.

1640 முதல் மதுரை மறைப்பணித்தளத்தில் 'பண்டாரச் சாமிகள்' என்ற வகைக் குருக்கள் எளிய மக்களிடையே பணியாற்றத் தொடங்கினார்கள். அது நல்ல நோக்கம்தான். ஆனால் ஆளுக்கொரு சாமியார் என்ற ஏற்பாடு, பிரிவினையைத் தொடாமல் அதைச் சுற்றி நடக்கும் வழியாகவும் ஆனது. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட், தாழ்த்தப்பட்ட நோயாளியின் வீட்டுக்குள் குரு போய் அருளடையாளம் தரவேண்டும் என்ற கடமையை வலியுறுத்தியபோதும், அதற்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் சமரசமே கண்டார்கள். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டு. தனித்தனிக் குரு என்று தொடங்கியது, பின்னாளில் தனித்தனிக் கூடம் என்று செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது.

1910ஆம் ஆண்டு. வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். கூட்டம் போட்டுப் பேசிப் பேசித் தீராத ஒன்றைக் கடப்பாரையால் தீர்த்தார். ஊர் இரண்டுபட்டது. ஒரு பிரிவினர் நீதிமன்றம் போனார்கள். சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும், ஆலயத்தில் எங்களுக்கென்று தனி இடம் வேண்டும், அது எங்கள் பரம்பரை உரிமை என்பது அவர்களின் வழக்கு. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு வந்தது. தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அந்த மக்களை நாம் எளிதாகக் குறை சொல்லிவிட வேண்டாம். அவர்கள் அவிசுவாசிகள் அல்லர். பல தலைமுறையாக விசுவாசத்தைக் காத்தவர்கள். பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் ஆலயத்தைக் கைவிடாதவர்கள். தாங்கள் செய்வது பாவம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. "இது ஊர் வழக்கம்தானே?" என்றுதான் நினைத்தார்கள். அந்தத் தாயும் என்னிடம் சொன்னது இதே வார்த்தைதான்.

இதில் நம்மை வெட்கப்பட வைக்கும் செய்தி ஒன்று உண்டு. நம் ஆலயத்தில் யார் எங்கே அமரலாம் என்று தீர்ப்புச் சொல்ல ஓர் அரசு நீதிமன்றம் தேவைப்பட்டது. பீடத்திலிருந்து தினமும் நற்செய்தி வாசிக்கப்பட்ட இடத்தில், அந்த நற்செய்தியின் பொருளை உலக நீதிபதிகள் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்நாளில் வடக்கன்குளம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் இருந்தது. நம் மதுரைப் பகுதியும் 1938இல் தனி மறைமாவட்டம் ஆகும் வரை அதே திருச்சியின் கீழ்தான். ஆகவே அது எங்கோ தெற்கே நடந்த கதை அல்ல. நம் குடும்பத்தில் நடந்த கதை.

அன்பர்களே, இந்த இடத்தில் திருத்தூதர் பவுலை நினைத்துப் பாருங்கள். எருசலேம் கோவிலில் பிற இனத்தார் ஒரு தடுப்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. தாண்டினால் சாவு. அந்த எச்சரிக்கையைக் கிரேக்க மொழியில் பொறித்த கல் ஒன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது; இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு நகரத்துத் துரோப்பிமுவை அந்தத் தடுப்புக்கு உள்ளே கூட்டிப்போனதாகக் குற்றம் சாட்டித்தான் பவுலைப் பிடித்து அடித்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 2ஆம் அதிகாரமோ, இரு இனத்தாரையும் பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்து இருவரையும் ஒன்றாக்கினார் என்று அறிவிக்கிறது. தம் உடலால் என்பதைக் கவனியுங்கள். அந்த உடலைத்தான் நாம் நற்கருணையில் வாங்குகிறோம். சுவரை உடைத்த உடலை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சுவர் கட்டலாமா?

நானும் குற்றமற்றவன் அல்லன். இளங்குருவாக ஒரு பங்கில் இருந்தபோது ஓர் அடக்கச் சடங்குக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். குழி வெட்டியவர் என்னைப் பார்த்து, "இவுக அந்தப் பக்கம் சாமி" என்றார். எனக்குப் புரிந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக வந்திருக்கிறோம், இப்போது எதற்குப் பிரச்சினை என்று செபத்தைச் சொல்லி முடித்துவிட்டு வந்தேன். உயிர்ப்பைப் பற்றிய வாசகத்தைச் சத்தமாக வாசித்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது இவர்கள் இரண்டு வரிசையாகவா எழுந்து வருவார்கள்? அன்று கேட்காத அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

நம் நாடு சமயச்சார்பற்ற நாடு. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. இன்று யாராவது ஆலயத்தில் சுவர் எழுப்பினால் காவல் நிலையம் வரை போகலாம். ஆனால் சட்டம் நம் வீட்டுத் திண்ணை வரைதான் வரும். பெண் பார்க்கும் பேச்சில் சட்டம் உட்காராது. வீடு வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் "நீங்க எந்த ஆளுக?" என்று சுற்றி வளைத்துக் கேட்கும்போது சட்டம் நம் வாயை மூடாது. திருவிழாவில் யார் கொடியைத் தொடுவது, சப்பரம் எந்தத் தெரு வரை போவது என்று தீர்மானிக்கும் இடத்தில் நீதிபதி இருக்கமாட்டார். சட்டம் நின்றுவிடும் அந்த இடத்தில்தான் நம் விசுவாசம் நடக்கத் தொடங்க வேண்டும்.

இன்னொரு நீதியும் இதில் அடங்கியிருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையால், தாழ்த்தப்பட்ட மக்கள் கிறிஸ்தவர்களாக இருந்தால் பட்டியல் சாதியினருக்கு உரிய உரிமைகள் கிடைப்பதில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. நம் சகோதரர்களுக்குத் திறக்கவில்லை. நம் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. நாமும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10இல் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். நியாயமான கோரிக்கை அது. ஆனால் வெளியே நீதி கேட்டுக் கொடி பிடிக்கும் கை, உள்ளே அதே சகோதரருக்குப் பெண் கொடுக்கவும் பக்கத்தில் குழி வெட்டவும் தயங்கினால், அந்தக் கோரிக்கைக்கு என்ன பலம் இருக்கும்?

2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் புனிதர் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர். குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்தி, அலுவலகம் போய் வந்த ஒருவர். 2012இல் அருளாளர் பட்டம் தரப்பட்டபோது அவர் பெயரோடு ஒரு சாதிப் பட்டமும் சேர்ந்தே இருந்தது. அதே பெயரைக் கொண்ட, ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி ஒருவர் அது தகாது என்று கடிதம் எழுதினார். புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்தப் பட்டம் நீங்கியிருந்தது. வெறும் 'தேவசகாயம்'. திருமுழுக்குத் தொட்டியில் எந்தப் பெயர் கொடுக்கப்பட்டதோ, அந்தப் பெயர் மட்டும் பீடத்தில் ஏறியது.

அன்பர்களே, நம் கடமலைக்குண்டுப் பக்கம் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் நாட்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு தோட்டத்துப் பஞ்சு வேலியைத் தாண்டி அடுத்த தோட்டத்தில் விழும். யார் வேலி என்று அது கேட்பதில்லை. கடவுளின் அருளும் அப்படித்தான் பறந்து வருகிறது. வேலி போடுவது நாம்தான்.

அந்தத் தாய்க்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "அம்மா, கோவிலில் இருந்த சுவரை ஒரு சாமியார் இடித்துவிட்டார். கோர்ட்டும் சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் சுவரை எந்தச் சாமியாராலும் இடிக்க முடியாது. அதை வீட்டுக்காரர்தான் இடிக்க வேண்டும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "நாளைக்கு அந்தப் பிள்ளை வீட்டுல போயி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வரேன் சாமி. மத்ததைப் பெறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கல் அப்படித்தான் பெயரும். இந்த வாரம் நீங்கள் எந்த வீட்டில் காப்பி குடிக்கப் போகிறீர்கள்? புனித தேவசகாயம் நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.