திருப்பதி ஆய்வகத்தில் ஓர் ஆப்பிரிக்க மீன்

ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள் என்றதும் மலாவி ஏரியின் நீலமும் மஞ்சளுமான மீன்களே இன்று நினைவுக்கு வருகின்றன. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இக்குடும்பத்தின் வரலாறு கண்ணாடித் தொட்டிகளின் அழகோடு தொடர்புடையதன்று. அங்கே அதன் முதன்மைப் பாத்திரம் தமிழர் ‘ஜிலேபிக் கெண்டை’ என்றழைக்கும் சாம்பல் நிறத் திலாப்பியா. சிறிய தொட்டியில் இனம்பெருக்க ஒரு மீனைத் தேர்பவர் எவற்றையெல்லாம் நற்குணங்கள் எனக் கருதுவாரோ, அவை அனைத்தும் பொருந்திய மீன் அது. அதன் வரலாற்றுச் சிக்கலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

மொசாம்பிக்கில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1852இல் இம்மீனை விவரித்தார். ஆசியாவில் அது முதலில் தென்பட்டது 1939இல், ஜாவாவின் தென்கரையில். கண்டெடுத்தவர் முஜாயிர்; இந்தோனேசியாவில் மீனுக்கு இன்றும் அவர் பெயரே. ஆப்பிரிக்காவிலிருந்து அது எவ்வாறு அங்கே சென்றது என்பது துலங்கவில்லை. போர்க்காலத்தில் கடலோரப் பால்கெண்டைக் குஞ்சுகளின் வரத்து தடைப்பட்டபோது ஜாவாவின் குளங்களை இம்மீன் நிரப்பியது. 1952இல் இந்தியாவுக்கு வந்தது. மண்டபத்தில் பணியாற்றிய என்.கே. பணிக்கரும் பி.ஆர்.எஸ். தம்பியும் அதன் வாய்வழி அடைகாப்பைப் பற்றி 1954இலேயே கட்டுரை வெளியிட்டனர். மீன் வந்த ஆண்டில் சித்தூர் மாவட்டம் இன்னும் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்றுதான் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ஆகவே இப்பகுதியின் மீன்வள வரலாற்றை எழுத முனைவோர் இரு அரசுகளின் ஆவணங்களையும் புரட்டியாக வேண்டும்.

புரதப் பற்றாக்குறைக்கு மலிவான மருந்து என்னும் நம்பிக்கையே மீனை வரவழைத்தது. நம்பிக்கை அடிப்படையற்றதன்று. ஆண்மீன் அடிமணலைக் குழித்துக் கூடமைக்கிறது. பெண்மீன் முட்டையிட்டு அவற்றை வாயில் ஏந்தி, குஞ்சுகள் நீந்தும்வரை ஏறத்தாழ இரு வாரம் காக்கிறது. பருவமழையையோ ஓடும் நீரையோ அது எதிர்பார்ப்பதில்லை. ரோகு, கட்லா போன்ற பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடாமல் மீன்துறையினரை வருத்திய காலத்தில் இது வரமாகவே தோன்றியிருக்கும். ஆனால் குளத்தில் அது மிக இளம் வயதிலேயே, விரலளவு நீளத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. குளம் குஞ்சுகளால் நிரம்பும், எடை கூடாது. தேர்வுக்குக் காரணமான குணமே பயனைக் கெடுத்தது. 1959இல் இந்திய மீன்வள ஆய்வுக் குழு அதன் பரவலாக்கத்தைத் தடைசெய்தது. ஏழே ஆண்டுகளில் பாராட்டு தடையாக மாறியது. எனினும் அமராவதி முதலிய தமிழக நீர்த்தேக்கங்களில் மீன் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஆணைக்குக் கட்டுப்படும் உயிரினமா அது?

தடைக்குப் பின்னர் திருப்பதியில் அதற்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வுகளில் அது மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. உப்புநீருக்கு இம்மீனின் உடல் எவ்வாறு இசைகிறது என்று பாஷாமொஹிதீனும் பார்வதேசுவர ராவும் 1972இல் ‘மரைன் பயாலஜி’ இதழில் எழுதினர். 1979இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் சிவப்பிரசாத ராவும் ரமண ராவும் மீத்தைல் பாரத்தியான் பூச்சிக்கொல்லி அதன் திசுக்களில் விளைவிக்கும் மாற்றங்களை வெளியிட்டனர். நெல்வயல்களில் பூச்சிக்கொல்லி பெருகிய காலத்தில் இவை இன்றியமையாத வினாக்கள். எளிதில் கிடைப்பதும் தொட்டியில் தாக்குப்பிடிப்பதும் ஓர் ஆய்வக விலங்குக்கு வேண்டிய தகுதிகளே.

எனினும் அத்தேர்வுக்கு ஒரு விலையுண்டு. குறைந்த உயிர்வளியையும் உப்பையும் வெப்பத்தையும் தாங்கும் மீன் எதைத் தாங்கியது என்பதிலிருந்து, ஏரியில் வாழும் நுட்பமான உள்நாட்டு மீன் எதைத் தாங்கும் என்று முடிவுசெய்ய இயலாது. தலைப்பில் இனப்பெயர் தெளிவாக உள்ளது; மேற்கோள் காட்டுவோரின் கையில் அது வெறும் ‘நன்னீர் மீன்’ ஆகிவிடுகிறது. இந்த நழுவல் ஆய்வாளர்களின் பிழையன்று, படிப்போரின் சோம்பல்.

பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. 1970களின் கட்டுரைகளில் ‘திலாப்பியா மொசாம்பிகா’ என்று காணப்படுவதும் பிற்காலத்தில் ‘ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ்’ என்று காணப்படுவதும் ஒன்றே. எதெல்வின் டிரெவாவஸ் 1983இல் வெளியிட்ட பெருநூலில் இப்பிரிவு நிலைபெற்றது: அடித்தரையில் முட்டையைக் காப்பவை ஒரு பேரினம், தாய் வாயில் காப்பவை மற்றொன்று. மீன் வளர்ப்போர் தொட்டியருகே அமர்ந்து கவனிக்கும் நடத்தையே வகைப்பாட்டின் அளவுகோலாயிற்று. பழைய பெயரைத் தேடாத மாணவர் திருப்பதியின் முப்பதாண்டு உழைப்பில் பெரும்பகுதியைத் தவறவிடுவார்.

இத்தனைக்கும் இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட்டுகள் மூன்று உண்டு. கேரளத்தார் கரிமீன் என்பது அவற்றுள் ஒன்று. அவற்றின் மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இல்லை, மடகாஸ்கரில் இருக்கிறது. முட்டைகளை வாயில் ஏந்தாமல் கல்லிலோ கட்டையிலோ ஒட்டிவைத்து, தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் காக்கின்றன. அவை மெல்லப் பெருகுபவை. 1952இன் அவசரத்துக்கு ஈடுகொடுக்கும் வேகம் அவற்றிடம் இல்லை.