ஊதா வளையம்

நான் வேலை செய்யும் தொழிற்சாலை தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நாங்கள் காட்டுவது ஒரு வண்ண அட்டவணை. தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் சிவப்பு. எர்த் வயர் பச்சையும் மஞ்சளும். வங்காளதேசத்திலிருந்து ஒருவர், நேபாளத்திலிருந்து ஒருவர், மலாய்க்காரர், நாங்கள் என்று எல்லாரும் இருக்கிற இடத்தில் மொழியை நம்ப முடியாது. நிறத்தை நம்பலாம். நிறத்தைத் தப்பாகப் படித்தால் ஆளே போய்விடுவான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவேன்.

இந்தக் கட்டுரையும் ஒரு நிறத்தைப் பற்றியதுதான். அது இருந்த இடம் என் பாட்டியின் வெத்தலப் பெட்டி.

பாட்டி சுண்ணாம்பை ஒரு பித்தளைக் குப்பியில் வைத்திருப்பார். விரல் நீளம், ஒரு பக்கம் திறப்பு, அதில் துணியைச் சுருட்டி அடைப்பு. அது துப்பாக்கித் தோட்டாவின் காலி உறை என்று எனக்குத் தெரிந்தது இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு. "எங்கப்பா தோட்டத்து ரோட்டுல பொறுக்குனது" என்பார். எப்போது என்று கேட்டால் ஒரு நாள் "ஸ்ட்ரைக்கு அப்ப" என்பார், இன்னொரு நாள் "கம்யூனிஸ்டு காலத்துல" என்பார். அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பகுதியில் VII என்று எண். நடுவில் இருக்கும் சின்ன மூடியைச் சுற்றி, அழுக்குக்குள், மெலிசாக ஓர் ஊதா வளையம்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். இன்று கையில் இருப்பது அந்தப் படம் மட்டும்தான். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளை உறை, அதற்குள் வெடிமருந்து, அடியில் தட்டினால் தீப்பொறி தரும் மூடி, மேலே பறந்து போகும் குண்டு. அடிமூடிக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் ஈரம் நுழையாமல் இருக்க அரக்கு மாதிரி ஒரு பூச்சு பூசுவார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பூச்சுக்கே நிறம் கொடுத்து, அதையே அடையாளமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். பச்சை என்றால் இரும்புத் தகட்டைத் துளைக்கும் குண்டு. சிவப்பு என்றால் பின்னால் ஒளிவிட்டுக்கொண்டு போய்ப் பாதையைக் காட்டும் குண்டு. நீலம் என்றால் தீ மூட்டுவது. மஞ்சள், துப்பாக்கியின் பலத்தைச் சோதிக்க அதிக அழுத்தத்தில் செய்தது. ஊதா என்றால் சாதாரணக் குண்டு. ஈயக் கட்டி, மேலே முழு உலோக உறை. விசேஷம் எதுவும் இல்லை.

குண்டின் நுனியிலேயே சாயம் பூசும் வழக்கமும் உண்டு. இன்று பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறோம். நேட்டோ நாடுகளில் கருப்பு நுனி தகடு துளைப்பது, நீல நுனி தீ மூட்டுவது, சிவப்போ ஆரஞ்சோ பாதை காட்டுவது. ஆனால் இது உலகம் முழுவதற்கும் பொதுவான அட்டவணை இல்லை. அமெரிக்காவின் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில் பச்சை நுனி இருந்தால் குண்டுக்குள் ஓர் எஃகுத் துண்டு இருக்கிறது என்று அர்த்தம். சோவியத் தயாரிப்பில் அதே பச்சை, பாதை காட்டும் குண்டைக் குறிக்கும். வேட்டைத் தோட்டாக்களில் தெரியும் சிவப்பு முனை சாயமே கிடையாது. பட்டதும் குண்டை விரியவைக்க வைத்த பிளாஸ்டிக். எந்த நாடு, எந்தக் காலம் என்று தெரியாமல் நிறத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

இத்தனை நிறங்கள் தேவைப்பட்டது முதல் உலகப் போரில்தான். வாயு நிரப்பிய ஜெர்மன் ஆகாயக் கப்பல்கள் லண்டன்மேல் வெடிகுண்டு போட வந்தபோது, சாதாரணக் குண்டு அதன் துணியில் சின்ன ஓட்டை போட்டதோடு சரி. கப்பல் விழவில்லை. பிறகு வெடிக்கிற குண்டையும் எரிகிற குண்டையும் செய்தார்கள். 1916 செப்டம்பரில் லீஃப் ராபின்சன் என்ற விமானி அப்படிப்பட்ட குண்டுகளால் ஓர் ஆகாயக் கப்பலை எரித்து வீழ்த்தினார். 400 கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1868-இலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்துப் போட்டிருந்தன. தேவை வந்ததும் அந்தக் கையெழுத்து வளைந்து கொடுத்தது. ஒரே துப்பாக்கிக்கு நாலைந்து வகைக் குண்டு என்று ஆனதும் சிப்பாய் குழம்பாமல் இருக்க நிறம் வந்தது. எங்கள் தொழிற்சாலை அட்டவணைக்கும் அதே காரணம்தான்.

ஆக, பாட்டியின் குப்பி சொன்னது "சாதாரணம்". எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. எது சாதாரணம் என்று யார் தீர்மானித்தார்கள்?

தேடப் போனால் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம் என்ற ஊருக்கு வந்து சேர்கிறோம். துப்பாக்கிச் சத்தத்தை வைத்து வந்த பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பீரங்கி வைக்கும் மண்மேட்டைக் குறிக்கும் 'தம்தமா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். இன்று கல்கத்தா விமான நிலையம் இருப்பது அங்கேதான், அதுவும் நேதாஜியின் பெயரில்.

1857 ஜனவரியில் அந்த டம்டம்மில் ஒரு கீழ்ச்சாதித் தொழிலாளி ஒரு பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிப்பாய் தன் செம்பைத் தரவில்லை. புதுத் துப்பாக்கியின் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது, அதை வாயால் கடிக்கப் போகிற உனக்கு இனி என்ன சாதி என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ஆண்டின் பெருங்கலகத்தைப் பற்றிய வரலாறுகள் பலவும் இந்தச் சம்பவத்தைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. தோட்டாவில் என்ன இருக்கிறது என்பது அதைக் கடிக்கிறவனுக்குச் சொல்லப்படவில்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது.

நாற்பது வருடம் கழித்து அதே ஊர் மறுபடி வருகிறது. 1895-இல் சித்ரால் படையெடுப்பில், புது .303 குண்டு எதிரியின் உடம்பில் சின்ன துளை போட்டு வெளியேறிவிடுகிறது, ஆள் விழாமல் ஓடிவருகிறான் என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் குறைப்பட்டார்கள். டம்டம் ஆயுதச் சாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் பெர்ட்டி-கிளே ஒரு தீர்வு கண்டார். நுனியில் உலோக உறையைக் கொஞ்சம் நீக்கி ஈயத்தை வெளியே தெரிய விட்டார். பட்டதும் ஈயம் குடை மாதிரி விரியும். உள்ளே போகும் துளை சின்னது, உள்ளே ஆகும் சேதம் பெரியது. அதற்கு ஊரின் பெயரே வந்துவிட்டது.

1899-இல் ஹேக் நகரில் நடந்த மாநாட்டில் இந்த மாதிரிக் குண்டுகளைத் தடை செய்யப் பேசினார்கள். பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா எதிர்த்தார். நாகரிகமான நாட்டுச் சிப்பாய் அடிபட்டால் ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டி அடிபட்டாலும் ஈட்டியோடு பாய்ந்து வருவான், அவனுக்குச் சின்ன துளை போதாது என்பது அவர் வாதத்தின் சாரம். தடை நிறைவேறியது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகள் ஒன்றோடொன்று போரிடும்போது மட்டும்தான் அது பொருந்தும். காலனி மக்கள்மேல் சுடுவது அந்தக் கணக்கில் வரவில்லை. பிரிட்டன் 1907-இல்தான் அதில் சேர்ந்தது.

அதன் பிறகு 1910-இல் வந்ததுதான் VII என்ற எண்ணுள்ள குண்டு. பாட்டியின் குப்பியில் இருந்த அதே எண். ஒரு பொறியாளனாக இதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனேன். 11.3 கிராம் எடை, விநாடிக்குச் சுமார் 744 மீட்டர் வேகம். வெளியே முழு உலோக உறை, சட்டப்படி சரி. ஆனால் உறைக்குள், நுனிப் பகுதியில் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்தார்கள். சில காலங்களில் மரக்கூழ்கூட. நுனி லேசு, அடிப்பாகம் கனம். காற்றில் நேராகப் போகும். உடம்புக்குள் நுழைந்ததும் தலைகுப்புறப் புரளும். விரியக்கூடாது என்றுதானே சட்டம், புரளக்கூடாது என்று சொல்லவில்லையே. இதற்குத்தான் ஊதா வளையம். இதன் பெயர்தான் சாதாரணக் குண்டு.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம். தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறக்கூடாது. பிள்ளைகளுக்கு முறையான தமிழ்க் கல்வி. கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி. சைக்கிளில் உட்கார்ந்தபடி போகிற உரிமைக்குப் போராட வேண்டியிருந்தது. கிள்ளான் இந்தியர் சங்கத்தை நடத்திய பத்திரிகையாளர் ஆர்.எச். நாதனை மே மாதம் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் படைகளின் துப்பாக்கி .303. அதன் வழக்கமான தோட்டா VII. அதே ஆண்டு டிசம்பரில் கோத்தா பாருவில் ஜப்பான் இறங்கியபோது அவர்கள்மேல் சுட்டதும் அதேதான். ஜப்பான் சிப்பாய்க்கும் சம்பளம் கேட்ட தோட்டத்தொழிலாளிக்கும் ஒரே குண்டு. பயங்கரமான பெயருள்ள டம்டம் குண்டு வேண்டியிருக்கவில்லை.

தகடு துளைப்பது, தீ மூட்டுவது என்று விசேஷக் குண்டுகளைப் பற்றிப் படிக்க ஆர்வமாகத்தான் இருக்கிறது, நானும் இரவெல்லாம் படித்தேன். ஆனால் எங்கள் ஆட்கள் செத்தது எந்த நிறமும் தேவைப்படாத குண்டில். நிற அட்டவணை சுடுகிறவனின் வசதிக்காக எழுதப்பட்டது. எது தகட்டைத் துளைக்கும், எது துப்பாக்கிக்கு ஆபத்து என்று அவனுக்குச் சொல்லும். மனிதன்மேல் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு நிறமும் இல்லை.

பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மாமா அந்தக் குப்பியைத் துணியில் சுற்றி லங்காட் ஆற்றில் போட்டுவிட்டார். "காலி உறைதான் மாமா" என்றேன். "உனக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியுமா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்புப் பகுதியில் அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தால் மரண தண்டனை என்று 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. 2012-இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தோடு வளர்ந்தவருக்குள் பயம் அப்படியே இருக்கிறது.

போன வாரமும் புது ஆட்களுக்கு அட்டவணை காட்டினேன். வழக்கமான பேச்சு முடிந்ததும் ஒரு நேபாளத்துப் பையன் கேட்டான்: பெயின்ட் அடிக்காத பைப்பில் என்ன போகும்? சாதாரணமாக எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "கேட்காமல் தொடாதே" என்று மட்டும் சொன்னேன்.