மோட்டாருக்குக் காற்றுப் பிடித்த கதை

பி.காம். படிக்கிற பையனுக்கு மோட்டார், பம்பு சமாச்சாரமெல்லாம் எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். போன டிசம்பரில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு போன் பேச்சுதான் காரணம்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மாமன் மகன் கூப்பிட்டிருந்தான். அங்கே குளிருக்கு வீடு முழுக்கக் குழாய் போட்டு, பாய்லரிலிருந்து சுடுதண்ணியை ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகைக்குள் ஓட விடுவார்களாம். "பாதி சுடுது, மேல் பாதி ஜில்லுனு கெடக்குதுடா. ஆளைக் கூப்பிட்டா பவுண்டுல கேக்கறாங்க" என்று புலம்பினான். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த எங்கள் அப்பாரு கேட்டார்: "அதுக்குள்ள தண்ணிதான ஓடுது?"

"ஆமாங்க அப்பாரு."

"அப்பக் காத்து புடிச்சிருக்குது கண்ணு. மேல எங்கியாச்சும் ஒரு திருகாணி இருக்கும். தொறந்துவுடச் சொல்லு. புஸ்ஸுனு காத்துப் போயி, தண்ணி வந்ததும் மூடிரச் சொல்லு."

அவன் செய்தான், சூடாகி விட்டது! பழனி தாண்டிப் போகாத மனிதருக்கு இங்கிலாந்து வீட்டுக் கோளாறு எப்படித் தெரிந்தது? தேடப் போனதில் எங்கள் ஊர்க் கிணறுகளின் சரித்திரமே கிடைத்தது.

முதலில் ரேடியேட்டர். 1850-களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரான்ஸ் சான் கல்லி என்பவர் உருவாக்கியது என்பார்கள். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து மேலே போய்த் தங்கிவிடும். அந்த இடத்துக்குச் சுடுதண்ணி ஏறாது. காற்றைத் திறந்துவிட்டால் ஏறும். அடியில் படியும் இரும்புத் துரு கலந்த கறுப்புச் சேற்றையும் அவ்வப்போது அலசி வெளியேற்ற வேண்டும்.

இனி நம்ம ஊர். மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நாட்டில் கவலை ஏற்றம்தான். கிணற்று மேட்டிலிருந்து சரிவில் மாடுகள் இறங்கும், வடம் இழுபடும், சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். அதில் காற்றுப் பிடிக்க வழியே இல்லை. மாடு இளைக்கும், ஆள் இளைப்பார், அவ்வளவுதான்.

கோவையில் 1888-லேயே நூற்பாலை வந்துவிட்டது. ஆலைகளை நம்பி வார்ப்படப் பட்டறைகள் வளர்ந்தன. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் இந்தப் பக்கம் கரண்ட் பரவியது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொழிலை ஆரம்பித்த ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937-ல் இந்தியாவிலேயே தயாரான மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். பிறகு பட்டறைகள் மோட்டாரும் பம்பும் செய்து தள்ளின. கவலைமேடுகள் காலியாயின.

மாட்டுக்கு இல்லாத ஒரு நோய் மோட்டாருக்கு இருந்தது. அதுதான் காற்று. பம்புக்குள் சுழலும் சக்கரம் தண்ணீரை வெளிப்பக்கம் வீசி எறிவதால்தான் நடுவில் அழுத்தம் குறைந்து, கீழிருந்து தண்ணீர் ஏறுகிறது. காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசு. உள்ளே காற்று இருந்தால் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் அந்த இழுப்பு வராது. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. கவனிக்காமல் விட்டால் சூடேறி சீல் கருகிவிடும். அதனால் பம்பின் தலையில் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றி, காற்றுத் திருகாணியைத் திறந்து, குமிழி நின்ற பிறகே சுவிட்ச் போட வேண்டும். ஊற்றிய தண்ணீர் இறங்கிவிடாமல் காப்பது குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு. அது ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சந்துகளில் போய் அடைத்துக்கொள்ளும்!

சரி, பம்பை மேலே மேட்டில் வைத்திருக்கலாமே? முடியாது. எந்த பம்பும் தண்ணீரை இழுப்பதில்லை, வெளியிலுள்ள காற்று மண்டலம்தான் தள்ளிவிடுகிறது. சுமார் 34 அடிக்கு மேல் அதால் தள்ள முடியாது. இத்தாலியில் உறிஞ்சு பம்புகள் ஓர் உயரத்துக்கு மேல் இழுக்காததை கலிலியோ 1638-ல் எழுதினார். காரணத்தை 1643 வாக்கில் பாதரசக் குழாய் வைத்துக் கண்டுபிடித்தவர் அவருடைய சீடர் டாரிசெல்லி. தோட்டத்து நிலைமையில் 20, 25 அடிதான் கணக்கு. ஆகவே தண்ணீர் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கிக்கொண்டே போனார்கள்.

எங்கள் கிணற்றில் அப்படி மூன்று மேடைகள் உண்டு. மூன்று பேஸ் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். சின்ன அப்பாரு ஒரு நாள் இருட்டில் காற்று எடுக்க இறங்கி, பாசியில் வழுக்கி, இரண்டாவது மேடையில் விழுந்தார். அதன்பின் அவர் நேராக நடந்து நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பாரின் ஞானம் அந்தப் படிகளில் கிடைத்தது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கரண்ட் கட்டணத்துக்காக இந்த மண்ணில் ரத்தமே சிந்தியிருக்கிறது. 1970-ல் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையை நிறைத்தன. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் எல்லாருக்கும் வந்தது. அந்த உரிமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விலை பூஜ்யமானால் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஒழுகும் ஃபுட் வால்வை மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. அந்தச் செலவு வேறொரு கணக்கில், நிலத்தடி நீரில், பற்று எழுதப்பட்டது.

பிறகு போர்வெல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை நாள் எதிரியாக இருந்த காற்றையே கம்ப்ரசர் வைத்துக் குழாய்க்குள் செலுத்தித் தண்ணீரை மேலே கொண்டுவந்தார்கள். குமிழி கலந்த தண்ணீர் லேசாகி ஏறிவிடும். அடுத்து, தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிள். அதற்குக் காற்று எடுக்கும் வேலையே இல்லை. கிணற்றுக்குள் இறங்கும் ஆபத்தும் போயிற்று. கூடவே, தண்ணீர் எவ்வளவு கீழே போயிற்று என்று கண்ணால் பார்க்கும் வழியும் போயிற்று. 2016-17 வறட்சியில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைகள் கொண்டை சாய்ந்து பட்டுப்போனதைப் பள்ளிக்கூடம் போகும் வயதில் பார்த்தவன் நான்.

இப்போது எங்கள் தோப்பில் சொட்டுநீர். அங்கே பழைய வேலை திரும்ப வந்திருக்கிறது. குழாயின் உயரமான இடத்தில் காற்று வால்வு உண்டு. மோட்டார் ஓடும்போது காற்றை வெளியே விடும், நிற்கும்போது உள்ளே விடும். இல்லாவிட்டால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, சொட்டும் துளைகள் மண்ணை உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒருமுறை குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி விடுவது என் வேலை. இங்கிலாந்தில் மாமன் மகன் செய்ததும் இதேதான்.

போன வாரம் அப்பாரைக் கேட்டேன், "அந்தப் பழைய கெணத்துல மோட்டாரை எடுத்துப் போட்றலாமுங்களா?" என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கட்டும் சாமி. மழைத் தண்ணிய அதுக்குள்ள திருப்பி வுடு. ஊறுனா ஊறட்டும்" என்றார். வாய்க்கால் வெட்ட ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் தோட்டத்திலும் சும்மா கிடக்கும் கிணறு இருந்தால் யோசித்துப் பாருங்கள்.