கிணறும் குழியும்

வன்னியிலே, புளியங்குளச் சந்தியிலிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. தெற்கே சென்றால் வவுனியாவைக் கடந்து அநுராதபுரம். வடக்கே சென்றால் யாழ்ப்பாணம். கிழக்கே நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக் கடற்கரை. மனிதர் தாம் கழித்த நீரை என்ன செய்வது என்ற பழைய வினாவுக்கு இம்மூன்று வழிகளும் மூன்று பாடங்களைக் கூறுகின்றன.

முதலிலே தெற்கு. அநுராதபுரத்து மேற்கு மடாலயங்களிற் கிடைத்த சிறுநீர்க் கற்கள் சிற்ப வேலைப்பாட்டாற் புகழ் பெற்றவை. நாம் கருதவேண்டியது மேலுள்ள சிற்பமன்று. கீழே வைக்கப்பட்டிருந்த பானைகளே. கரியும் மணலும் சுண்ணக்கல்லும் இட்ட அப்பானைகளினூடாக வடிந்த பின்னரே நீர் மண்ணைச் சேர்ந்தது. கழிவை ஒழித்தால் மட்டும் போதாது, அதைத் தடுத்துத் தெளியவைத்தல் வேண்டும் என்ற அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவில் இருந்தது.

மேனாட்டார் இவ்வறிவைப் பெருந்துன்பத்தின் வழியே பெற்றனர். 1854 ஆம் ஆண்டில் இலண்டன் புறோட் வீதியில் வாந்திபேதி பரவியது. அவ்வீதிக் கிணற்று நீரே அதற்குக் காரணம் என யோன் சினோ என்னும் மருத்துவர் நிறுவினார். மறு ஆண்டில் நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு ஏறக்குறைய மூன்றடி தூரத்தில், இடிந்து கசியும் மலக்குழியொன்று காணப்பட்டது. கிணறும் குழியும் அயலாராக இருந்ததே நோயின் மூலம்.

1890களில் எக்செற்றர் நகரத்தில் டொனால்ட் கமரோன் மூடிய கழிவுத்தொட்டியை அமைத்தார். காற்றுப் புகாத அத்தொட்டியில் நுண்ணுயிர்கள் கசடைக் கரைத்தன. 1914 இல் மாஞ்செஸ்ரரில் ஆடேண், லொக்கெற் என்போர் கழிவுநீருட் காற்றைச் செலுத்தினர். முதன்முறை ஐந்து வாரம் எடுத்த சுத்திகரிப்பு, படிந்த சேற்றை அகற்றாது மீண்டும் மீண்டும் பயன்படுத்தியபோது, ஒரு நாளிலும் குறைந்த பொழுதில் முடிந்தது. அச்சேற்றில் வாழ்ந்த உயிர்களே அவ்வேலையைச் செய்தன. கழிவுநீரைத் தூய்மையாக்குவது இயந்திரமன்று; உயிரும் காலமுமே. இயந்திரம் அக்காலத்தைச் சுருக்குகிறது, அவ்வளவே.

இனி வடக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. மழைநீர் விரைவில் உட்செல்வதால் அங்கே கிணறுகள் செழித்தன. அதே விரைவில் மலக்குழியின் கசிவும் வயலிலிட்ட உரமும் உட்செல்கின்றன. வடிகட்டுவதற்கு மண்ணுக்கு அவகாசமில்லை. கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலகாலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றனர். ஆகவே, கிணற்றுக்கும் குழிக்கும் 30 மீற்றர் இடைவெளி வேண்டும் என்று கூறப்படும் பொதுவிதிகூடப் பாறைவெடிப்பின் முன்னே உறுதியற்றதாகிறது.

இறுதியாகக் கிழக்கு. கடலோர மணலிலே நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. அது மேற்பரப்புக்கு அண்மையில் இருப்பதால், மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியையே தொட்டுவிடலாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவைத் தாக்கியது. அப்பேரலை மோதிய கரையெங்கும் கிணறுகளில் உப்பும் அழுக்கும் கலந்தன. கிழக்கிலங்கையில் அவற்றைச் சுத்தஞ்செய்ய அளவுகடந்து நீர் இறைத்த இடங்களில், கீழிருந்த உவர்நீரே மேலெழுந்தது. மணற்கரை அவசரத்தைப் பொறுப்பதில்லை.

எனவே சிறு கரையூரொன்றுக்கு ஏற்ற வழி யாது? ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்குழி என்பதை விடுத்து, சில வீடுகளுக்குப் பொதுவான, கசியாத தொட்டி வேண்டும். அதிலிருந்து வெளிவரும் நீர் தெளிந்து தோன்றினும் நோய்க்கிருமிகள் அதில் இருக்கும். ஆதலால், நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திய சரளைப் படுக்கையில் சம்பும் நாணலும் வளர்த்து, அதனூடாக அந்நீரை மெல்லச் செலுத்துதல் வேண்டும். செருமனியில் கேதே சைடல் அம்மையார் 1950களில் ஆராய்ந்து காட்டிய முறை இது. தொட்டியின் சேற்றைக் காலந்தோறும் அகற்றும் பொறுப்பை ஊரார் யாரேனும் ஏற்றாலன்றி இதுவும் பயன்தராது.

துறவியர் பானையும் இந்நாணற் படுக்கையும் செய்வது ஒன்றே: மண்ணால் கொடுக்க இயலாத அவகாசத்தை நீருக்குக் கொடுக்கின்றன. வீடு கட்டுவோர் முதலிற் கிணற்றுக்கு இடம் குறிப்பது நம்மவர் வழக்கம். அன்றே, அதே நூலைப் பிடித்துக் குழிக்கும் இடம் குறிப்பார்களாயின், பிள்ளைகள் குடிக்கும் நீர் காக்கப்படும்.