கடல் கடந்த பொருளும் தங்கையர் மனையும்

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடு ஒன்றன் முன் நின்று, 'இவ்வீட்டைக் கட்டினார் யாவர்?' என்று வினவுவார்க்கு இருவகை விடை கிடைக்கும். உறுதியை எடுத்துக் காட்டுவோர் அவ்வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லுவர். அயலிலுள்ள முதியோரோ, 'அது மலாயாக் காசு' என்பர். இரண்டும் மெய்யே. வீட்டிற்கு உரியார் ஒருவரும் அதற்குப் பொருள் தந்தார் மற்றொருவருமாக நிற்கும் இம்முறை எங்ஙனம் வந்ததென்பதைச் சிறிது ஆராய விரும்பினோம். கனடாவில் வாழும் நம் உறவினர் ஒருவர் சின்னாட்களின் முன் எழுதி வினவிய ஒரு வினாவே இவ்விருப்பத்திற்குக் காரணம். அவ்வினாவைப் பின்னர்க் கூறுதும்.

யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்கள் ஒல்லாந்தர் ஆட்சியிலே தேசவழமை என்னும் பெயரால் ஏட்டில் ஏறின. தேசாதிபதி சீமோன்ஸ் என்பாரின் ஆணைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவற்றைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒப்புவித்தார். முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதனைச் சட்டமாக ஏற்றனர். அந்நூல் பொருளை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பகுக்கின்றது. தந்தைவழி வந்த முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், இருவரும் கூடித் தேடியது இருபாலார்க்கும் உரியன என்பது பண்டை நெறி. போர்த்துக்கேயர் காலத்திலேயே இந்நெறி நெகிழ்ந்து, எவ்வகைப் பொருளிலிருந்தும் பெண்ணுக்குச் சீதனம் வகுக்கும் வழக்கம் வந்துவிட்டதென்று அத்தொகுப்பே கூறுகின்றது.

நாம் ஊன்றி நோக்கற்பாலது வேறொரு விதி. மணமாகாத ஆண்மகன் தேடிய பொருள் முழுவதும் பெற்றோரின் பொதுப்பொருளிலே சேர்தல் வேண்டும். தன் உடம்பிலே அணிந்த பொன் வெள்ளி அணிகலன்களை மாத்திரமே அவன் தனதென வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் உயிரோடிருக்குமளவும் அவன் யாதொரு பங்கும் கேட்டல் இயலாது. அப்பொதுப்பொருளினின்றே தங்கையருக்குச் சீதனம் எடுக்கப்படும். ஆதலின், தமையன் உழைப்பது தங்கை வீட்டுக்கு என்பதனை அன்பின் பெருக்கு என்று மாத்திரம் பாராட்டுவார் பாதியே அறிந்தவர். அன்பு இருந்தது, அதன் பின்னே நாட்டு வழமையும் கைக்கோலோடு நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரையும் அப்பொதுப்பொருள் பெரும்பாலும் தோட்டத்திலும் புகையிலையிலுமே விளைந்தது. திருவிதாங்கூருக்குத் தோணியேறிய புகையிலையே பல குடும்பங்களுக்குக் கைமுதல். அதன்பின் வழி திரும்பிற்று. மலாயாவில் 1885ஆம் ஆண்டு தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அதனை அமைத்தற்கு இலங்கையிலிருந்து தொழிற்படையினர் சென்றிருந்தனர். அமெரிக்க மிசனார் முதலியோரின் பள்ளிக்கூடங்களிலே ஆங்கிலம் கற்றுவிட்டு உத்தியோகமின்றி நின்ற நம்மிளைஞர் அவ்வழியே தொடர்ந்து கப்பலேறி, இரயில்வே, நில அளவை, திறைசேரி, மருத்துவசாலை ஆகியவற்றில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தனர். மாதச் சம்பளமும் முடிவில் ஓய்வூதியமும் உடைய உத்தியோகம் அது. மழை பொய்த்தாலும் பொய்யாத வருவாய் முதன்முறையாக நம்மூர்க்குக் கிடைத்தது. மண்சுவர் கல்லாயிற்று, ஓலைக்கூரை ஓடாயிற்று. நாற்சார் வீட்டின் முற்றத்தை விட்டு முன்விறாந்தை வைத்துக் கட்டுவதும் பெருகிற்று.

அனுப்புவோன் கோலாலம்பூரில், காணி யாழ்ப்பாணத்தில், கைந்நீட்டிப் பெறுவோர் தந்தையாராதல் மைத்துனராதல். இங்கேதான் சிக்கல் முளைத்தது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் 7இன்படி காணியின் விற்பனையும் நன்கொடையும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டாலன்றிச் செல்லா. உறுதியில் பெயர் யாருடையதோ அவரே உடையவர். பொருள் தந்தவன் பெயர் அதில் இராது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு ஒரு வாயில் வைத்தது. ஒருவர் பொருள் கொடுக்க மற்றொருவர் பெயரில் உறுதி முடிந்தால், கொடுத்தவர் நன்கொடையாகக் கருதவில்லையென்று தோன்றுமிடத்து, பெயருடையவர் கொடுத்தவருக்காகவே அதனை வைத்திருக்கின்றார் என்பது அதன் கருத்து. எனவே வழக்கு முழுவதும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: அனுப்பியபொழுது அவன் என்ன கருதினான்? மனத்தினுள் இருந்ததை இருபதாண்டு கழித்து நீதிமன்றத்தில் எவ்வாறு காட்டுவது?

கணவன் மனைவியரிடையும் இக்கேள்வியே வேறு உருவில் எழுந்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டம், மணவாழ்வுக் காலத்தில் விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தேடியதேட்டம் என்றது. அங்ஙனமாயின் தமையன் அனுப்பிய காசைக் கொண்டு தங்கை வாங்கிய வீடும் கணவனோடு பங்காகுமோ? இவ்வகை வழக்குகள் பல நடந்தன. 1947ஆம் ஆண்டின் திருத்தம், விலையாகக் கொடுத்தது ஒருவருடைய தனிப்பொருளாயின் அதனால் வாங்கியது தேடியதேட்டமன்று என்று தெளிவாக்கிற்று. ஆயினும் தனிப்பொருள் என்று நாட்டுதற்குச் சான்று வேண்டுமே. மேலும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் தனியுடைமையான வீட்டை விற்கவேண்டுமாயினும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தமையன் பொருள், தங்கை பெயர், மைத்துனன் கையொப்பம்! ஒரு கூரையைத் தாங்க மூன்று தூண் என்று யாம் மாணாக்கர்க்குச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இனிக் கனடா உறவினரின் வினா. அவர் வீடு வாங்கப் புகுந்து, முற்பணம் குறைந்தபோது இலண்டனிலுள்ள அவர் தமையனார் அத்தொகையை அனுப்பினார். வங்கியார், 'இது கடனன்று, நன்கொடை. திருப்பித் தரவேண்டியதில்லை' என்று தமையனாரின் கையொப்பத்தோடு எழுத்துக் கேட்டனர். தமையனார் மனம் நொந்து, 'கூடப்பிறந்தவனுக்குக் கொடுப்பதற்குமா கடுதாசி? நம் முன்னோர் இப்படி எழுதினார்களா?' என்றாராம். உண்மை யாதென்று எம்மைக் கேட்டிருந்தனர்.

வங்கியாரின் காரணம் எளிது. அத்தொகை மறைந்த கடனாயின், மாதந்தோறும் அதற்கும் கட்டுவான் ஒருவன் தம் கடனைக் கட்டத் தவறுவான் என்பது அவர்தம் அச்சம். முன்னோர் எழுதினார்களா என்பதற்கு, எழுதினார்கள் என்பதே விடை. சீதன உறுதி என்பது வேறென்ன? பெண்ணுக்கு இன்ன காணி, இன்ன வீடு, இன்ன நகை என்று நொத்தாரிசு முன் எழுதி ஒப்பமிட்டே கொடுத்தனர். எழுதாது விட்டவர் பெற்றோரல்லர். கடலுக்கு அப்பாலிருந்து காசு அனுப்பிய தமையன்மாரே. அவர்களுடைய கொடை உறுதியில் ஏறாமல், வீட்டுச் சுவரிலே கலந்து போயிற்று.

எம் பாட்டியாரின் வீடும் அத்தகையதே. அவர் தமையனார் மலாயா இரயில்வேயில் வேலைபார்த்து மாதந்தோறும் 20 வெள்ளி அனுப்பினார். காணி பாட்டியார் பெயரில் முடிந்து, 1934ஆம் ஆண்டு அத்திவாரம் இடப்பட்டது. அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் உள்ளன. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எம் தந்தையார் உறுதியோடு அப்பெட்டியையும் தலையிற் சுமந்து சென்றார். அக்கடிதங்களிலே சுண்ணாம்பு விலை, மரத்தின் வயிரம், கிணற்றடி, மேசன் கூலி எல்லாம் உள. இது கொடை என்றோ கடன் என்றோ தமக்கு ஒரு பங்கு வேண்டுமென்றோ ஓரெழுத்தும் இல்லை. கடைசிக் கடிதம் 1941ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தது. தெற்கறைக்கு ஓடு போட்டாயிற்றா என்று கேட்டிருந்தார். அடுத்த மாதம் யப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1945 வரையில் காசுமில்லை, கடிதமுமில்லை. தெற்கறை ஓலையோடே நின்றது.

அவர் ஓய்வுபெற்று மீண்டபோது முதியவர். தாமதித்து மணந்து, மனைவியின் சீதன வீட்டில் இருந்தார். மனைவியார் மறைந்தபின் அவ்வீடு மகளுக்குச் சென்றது. அப்போது அவர், தங்கை வீட்டில் அத்தெற்கறையைக் கேட்டார். பாட்டியார் உடன்பட்டார். பாட்டனாரோ, உறுதியில் அவர் பெயர் எங்கேயிருக்கின்றது என்று கேட்டாராம். அவர் பின்பு கேட்கவில்லை. நாடோறும் மாலையில் வந்து விறாந்தையில் இருந்து தேநீர் அருந்திவிட்டு, விளக்கேற்றுமுன் எழுந்து போவாரென்று எம் தந்தையார் சொல்லுவர்.

இவ்வளவையும் கனடாவுக்கு எழுதி அனுப்பினோம். தமையனார் கடுதாசியில் ஒப்பமிட்டுவிட்டதாகவும், தம்பியார் புதுவீட்டின் கீழறை ஒன்றை அவருக்கென ஒதுக்கி, அதனையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் சேர்ப்பித்ததாகவும் மறுமொழி வந்தது.