கயிறும் கலசமும்: சாதி அடையாளத் தடையின் எல்லை

இடையஞ்சாவடியில் சில வீட்டு வாசற்படிகளில் மஞ்சளும் குங்குமமுமாக ஸ்வஸ்திகா இருக்கும். புது வண்டிக்குப் பூசை போட்டால் பெட்ரோல் டேங்கிலும் அதே குறிதான். ஊரை ஒட்டி ஆரோவில். அங்கே குடியேறியவர்களில் ஜெர்மானியர் கணிசமாக உண்டு. அவர்களுடைய நாட்டில் நாஜிகளின் ஸ்வஸ்திகாவைத் தெருவில் காட்டினால் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். இந்த முரணைச் சுட்டிக்காட்டி, அடையாளத்தைத் தடைசெய்வதே அபத்தம் என்று பேச்சை முடித்துவிடுவோர் உண்டு. அது அவசரம். ஸ்வஸ்திகாவை அடித்துக் குப்பைத்தொட்டியில் போடுவதுபோன்ற நாஜி எதிர்ப்புப் படங்கள் குற்றமாகா என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் இயற்றிய தடைச்சட்டம் இந்து, பௌத்த, சமண வழிபாட்டுக்கு விலக்குத் தந்தது. சட்டத்தால் இடம், பொருள், ஏவல் பார்க்க முடியும். நம்மூரில் அது எதைப் பார்க்க வேண்டும் என்பதே என் கேள்வி.

நம்மூரில் அச்சுறுத்தும் குறி பெரும்பாலும் சாதிக்குறி. இடையஞ்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இறங்கி வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாள். மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் இளைஞர் பெருவிழாவுக்கு வாகனங்கள் இச்சாலை வழியே கொடியோடு போயின. மரக்காணத்தில் மோதல் வெடித்தது. யார் தொடங்கினார்கள் என்பதில் இரு தரப்புக்கும் இரு கதைகள். எரிந்த வீடுகள் தலித்துகள் வாழும் கட்டையன்தெரு காலனியைச் சேர்ந்தவை. தருமபுரியில் இன்னொரு தலித் குடியிருப்பான நத்தம் காலனி சாதி வன்முறையில் எரிந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த நினைவோடு சாலையோரம் நிற்பவர் கண்ணுக்கு, மஞ்சள் துணியில் அசைந்து வரும் அக்னி கலசம் வன்னியர் சங்கத்தின் சின்னமாக மட்டும் தெரிந்திருக்காது.

ஆனால் அக்னி கலசத்தை வெறுப்புச் சின்னம் என்று பட்டியலில் சேர்க்க நான் உடன்படமாட்டேன். 1987 இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேரின் நினைவும் அதில்தான் இருக்கிறது. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு என்ற 1989 ஆணைக்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன. முந்திரித் தோப்பிலும் உப்புப் பாத்தியிலும் கூலிக்கு நிற்கும் வன்னியர், காலனிக்காரருக்கு முன்னால் மேல்சாதி. நிலமும் பதவியும் உள்ளவர் முன்னால் அப்படியில்லை. ஒரே கலசம் பகலில் கண்ணீரஞ்சலி மேடையிலும் இரவில் காலனி முகப்பிலும் நிற்கும்போது, குற்றம் உருவத்தில் இல்லை. அதை எங்கே, யாரைப் பார்த்து வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு நம் சட்டத்தில் ஏற்கெனவே இடமுண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் பகையையும் வெறுப்பையும் வளர்ப்பதைச் சொல்லால், எழுத்தால் மட்டுமின்றிச் சைகையாலோ காட்சி வடிவத்தாலோ செய்தாலும் குற்றமாக்கியது. எந்தச் சின்னத்தின் பெயரும் அதில் இல்லை. அதுவே அதன் பலம்.

பட்டியல் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கயிறு காட்டிக்கொடுக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனச் சாதிக்கொரு நிறத்தில் மாணவர்கள் கைக்கயிறு கட்டுவதைத் தடுக்கும்படி பள்ளிக் கல்வித்துறை 2019இல் சுற்றறிக்கை அனுப்பியது. விளையாட்டு அணிக்கு ஆள் சேர்ப்பதும் இடைவேளையில் கூடுவதும் கயிற்றைப் பார்த்தே நடப்பதாக அதில் இருந்தது. பா.ஜ.க.வின் எச்.ராஜா அதை இந்து விரோதம் என்றார்; அமைச்சர் செங்கோட்டையன் தமக்குத் தெரியாமல் வந்தது என்றார்; அறிக்கை முடங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தங்கையையும் உடன்படித்த ஆதிக்கசாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது.

மஞ்சள் கயிற்றைத் தடுத்தால் நாளை பனியனின் நிறம் அதே வேலையைச் செய்யும் என்பது உண்மைதான். ஆயினும் பள்ளிக்குள் முழுத்தடையை நான் ஆதரிக்கிறேன். தெருவில் பிடிக்காத கொடியைப் பார்த்தால் வேறு சந்தில் திரும்பலாம். வகுப்பறையில் பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் மணிக்கட்டை விட்டுவிட்டு ஒரு பிள்ளை எங்கே போகும்? காலனிக்குப் போகும் ஒரே பாதையும் இப்படித்தான்: ஊர்த்தெருவின் முக்கில் நட்ட கம்பத்தைத் தாண்டாமல் வீடு சேர முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட, அச்சுறுத்தும் நோக்கத்தோடு சிலுவை எரிப்பதைத் தடைசெய்யலாம் என்று 2003இல் ஒப்புக்கொண்டது.

இப்படி இடத்தையும் நோக்கத்தையும் பார்ப்பதற்கு மாற்றாக நம் அரசுகள் விரும்புவது சகலருக்கும் ஒரே தடை. நடுநிலைபோலத் தோன்றும், 1997ஐ நினைத்துக்கொண்டால் தோன்றாது. விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கசாதியினர் கிளம்ப, தென்மாவட்டங்கள் கலவரமாயின. அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை நீக்கியது. கட்டபொம்மன் பெயரும் போயிற்று என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் ஏறமறுத்தவர்கள் கேட்டது நடந்துவிட்டது. பொது இடக் கொடிக்கம்பங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரியில் கட்சி, சாதி, மத வேறுபாடின்றி இட்ட உத்தரவிலும் எனக்கு இதே தயக்கம்.

கொடித் தகராறென்றால் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். இரண்டு கம்பத்தையும் எடுத்துவிடுவதாகக் கையெழுத்தாகும். ஒன்று அப்பன் காலத்தில் நட்டது. மற்றது, காலனிக்காரர்கள் முதன்முதலாக நட்டு, பீடத்தில் சிமென்ட்கூடக் காயாதது. பதிவேட்டில் இரண்டும் ஒரே வரி. அந்த வரியில் கம்பம் எந்த ஆண்டு, யார் போகும் பாதையில் நடப்பட்டது, எதிர்ப்பு யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதையும் தாசில்தார் எழுதவேண்டும் என்று ஓர் அரசாணை போதும். வன்கொடுமை வழக்கு வரும்போது நீதிமன்றத்துக்கு வேண்டிய சாட்சியத்தில் பாதி அதிலேயே இருக்கும்.