அட்டைப் படமும் வரலாறே!



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும்தான் நம் நினைவுக்கு வரும். பழைய வார இதழின் அட்டையும் வரலாறுதான் என்றால் நம்புவீர்களா?

1926இல் ‘ஆனந்த விகடன்’ பிறந்தது. 1928இல் எஸ்.எஸ்.வாசன் அதை வாங்கினார். மாலி, கோபுலு ஆகியோரின் கோடுகள் எழுத்தறியாதவரையும் சிரிக்க வைத்தன. 1941இல் ‘கல்கி’ தோன்றியது. 1950இல் அதில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியதும், ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் வாசகர் வீடுகளில் குடிபுகுந்தார்கள்.

அந்நாளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைப்பார்கள். கதை பிழைத்தது, அட்டையோ பழைய பேப்பரோடு போயே போச்சு! தேதி, விலை, அன்றைய உடை, நகை, நகைச்சுவை எல்லாம் அதில்தானே இருந்தன?

ஆகவே, பெட்டியடியில் கிடக்கும் இதழைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மரக்கூழ்த் தாளில் அமிலம் உண்டாகும். வெயிலும் ஈரமும் பட்டால் பழுத்து நொறுங்கிவிடும். நம் நாட்டுப் புழுக்கத்தில் ராமபாணப் பூச்சியும் கரையானும் சும்மா விடுமா? கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை கறையாகிவிடும். காய்ந்த, இருட்டான இடத்தில் தட்டையாக வையுங்கள். சுவரில் மாட்ட நகல் போதும்.

இன்னொன்று. அந்த இதழை யார் வாங்கினார், எந்தத் தோட்டத்தில் படித்தார் என்று தாத்தா பாட்டியிடம் இன்றே கேட்டுப் பென்சிலால் பின்புறம் குறித்து வையுங்கள். படம் இருந்தும் சொல்ல ஆளில்லாமல் போனால் பாதி வரலாறு மறைந்துவிடும்.

அடுத்த பரிசளிப்பு விழாவில் நம் பள்ளி மண்டபத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைப்போம், வாரீர்!